வீடு வாங்கும்போதும் விற்கும்போதும்: கையெழுத்து போடாதவர் யார் என்று தேடுங்கள்

அக்கா திண்டுக்கல்லில் ஒரு பழைய வீடு பார்த்திருந்தாள். விலை பேசி முடித்து, அட்வான்ஸ் கொடுக்க நாளும் குறித்தாயிற்று. வீட்டுக்காரர் 1992இல் கிரயம் வாங்கிய சொத்து, அவர் 2004இல் இறந்துபோனார், இப்போது மனைவியும் மகனும் மகளும் சேர்ந்து விற்கிறார்கள். ஒரிஜினல் பத்திரம் கையில் இருக்கிறது, வில்லங்கம் சுத்தம், பட்டா மூன்று பேர் பெயருக்கும் மாறியிருக்கிறது, தாசில்தார் 2009இல் கொடுத்த வாரிசுச் சான்றிதழிலும் அதே மூன்று பெயர்கள். இதற்குமேல் பார்க்க என்ன இருக்கிறது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

லீகல் பார்க்கக் கொடுத்திருந்த வக்கீல், வீட்டை ஒரு தடவை நேரில் பார்க்கிறேன் என்று எங்களோடு வந்தார். ஹாலில் மாலை போட்ட இரண்டு படங்கள். ஒன்று இறந்துபோன வீட்டுக்காரர். இன்னொன்று ஒரு பாட்டி.

"இந்த அம்மா யாருங்க?"

"எங்க மாமியாருங்க."

"எப்ப தவறினாங்க?"

"அவர் போய் ரெண்டு வருஷம் கழிச்சு."

வக்கீல் அங்கேயே உட்கார்ந்து ஒரு தாளில் கணக்குப் போட்டார். உயில் எழுதாமல் ஓர் இந்து ஆண் இறந்தால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவர் சொத்தில் மனைவி, மகன்கள், மகள்களோடு அவருடைய தாய்க்கும் சம பங்கு உண்டு. ஆகவே 2004இல் அந்த வீடு நான்கு பேருக்கு ஆளுக்குக் கால் பங்காகப் போய்விட்டது. 2006இல் பாட்டி இறந்தபோது அவருடைய கால் பங்கு அவருடைய பிள்ளைகளுக்கு இறங்குகிறது. பாட்டிக்கு இரண்டு மகள்களும் இருந்தார்கள், இறந்த மகனின் பிள்ளைகளும் இருந்தார்கள். கால் பங்கு மூன்றாகப் பிரிந்து, அந்த இரண்டு மகள்களுக்கும் ஆளுக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு, சேர்த்தால் வீட்டில் ஆறில் ஒரு பங்கு. அவர்கள் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. வாரிசுச் சான்றிதழ் வாங்கிய 2009இல் பாட்டி உயிரோடு இல்லாததால் அவர் பெயரே அதில் ஏறவில்லை. யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை, தெரியவில்லை, அவ்வளவுதான்.

அன்றைக்கு அந்தக் கேள்வி எழாமல் இருந்திருந்தால் அக்கா முழு விலை கொடுத்து ஆறில் ஐந்து பங்கு வீட்டை வாங்கியிருப்பாள். அதனால்தான் இதை எழுதுகிறேன். நாம் எல்லோரும் பத்திரத்தில் யார் யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று பார்க்கிறோம். போட வேண்டியவர்களில் யார் போடவில்லை என்று தேடுவதில்லை. கீழே சொல்வது எல்லாம் தமிழ்நாட்டில் வீடு, மனை, அடுக்குமாடிக் குடியிருப்பு வாங்குகிறவர்களுக்கும் விற்கிறவர்களுக்கும்.

முதல் படி: அட்வான்ஸுக்கு முன் காகிதங்களைக் கேளுங்கள்

டோக்கன் அட்வான்ஸ் என்று பத்தாயிரமோ இருபத்தைந்தாயிரமோ கொடுத்துவிட்டுத்தான் ஜெராக்ஸ் தருவோம் என்பார்கள். இது தலைகீழ். விற்க வருகிறவர் ஜெராக்ஸ் தரத் தயங்கினால் அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள். கேட்க வேண்டியவை: விற்பவர் பெயரில் உள்ள பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப்பத்திரங்கள் முடிந்தவரை எல்லாமும், பட்டா, புலப்படம் (சர்வே எண்ணுக்கான அளவு வரைபடம்), வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு எண், கட்டட அனுமதி வரைபடம், மனைப்பிரிவு அனுமதி, யாராவது இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும்.

வாங்கியதும் ஒரு வெள்ளைத் தாளில் வருடவாரியாக எழுதுங்கள். 1968இல் அ என்பவர் ஆ என்பவருக்கு விற்றார், 1985இல் ஆ-வின் பிள்ளைகள் பாகம் பிரித்தார்கள், 1992இல் அதில் ஒரு பாகத்தை இவர் வாங்கினார் என்று ஒரு சங்கிலி வர வேண்டும். எங்கே ஒரு கண்ணி விட்டுப் போயிருக்கிறதோ அங்கேதான் வேலை. ஆ-வின் பிள்ளைகள் என்று மூன்று மகன்கள் மட்டும் பாகம் பிரித்திருந்தால், மகள்கள் இல்லையா, இருந்தால் அவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்களா என்று கேளுங்கள்.

மகள்கள் விஷயத்தில் மூன்று தேதிகளை நினைவில் வையுங்கள். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல், அதற்குள் திருமணம் ஆகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்கு நிகரான பங்கு வந்தது. 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டத்திருத்தம் எல்லா மகள்களுக்கும் அதைக் கொடுத்தது. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவான பாகப்பிரிவினை, விற்பனை ஆகியவற்றை இந்தத் திருத்தம் தொடாது. "பொம்பளப் பிள்ளைகளுக்கு நகை போட்டுக் கட்டிக் குடுத்தாச்சு, அவங்க கேக்க மாட்டாங்க" என்று எவ்வளவு பெரிய மனிதர் சொன்னாலும் அது சட்டத்தில் ஒரு பதில் இல்லை. அவர்களையும் வரச்சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் வாரிசுக் கணக்கு வேறு, ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: அந்தத் தேதியில் யார் யார் உயிரோடு இருந்தார்கள்?

பங்குதாரர்களில் பதினெட்டு வயது ஆகாத பிள்ளை இருந்தால் இன்னும் கவனம். இந்து மைனர் ஒருவருக்குச் சேர வேண்டிய பங்கை, தாயோ தந்தையோ காப்பாளர் என்ற முறையில் விற்க வேண்டுமானால் நீதிமன்ற அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் விற்றிருந்தால் அந்தப் பிள்ளை மேஜர் ஆனதிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட்டு அதை ரத்து செய்யக் கேட்கலாம். பழைய பத்திரத்தில் "மைனருக்காக தாயும் கார்டியனுமான" என்று ஒரு வரி கண்ணில் பட்டால், அந்த மைனருக்கு இப்போது என்ன வயது என்று கணக்குப் போடுங்கள்.

இரண்டாம் படி: வில்லங்கம் போட்டுப் பார்ப்பது

"வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சு, ஒன்றுமில்லை" என்பதைப் போல நம் ஊரில் ஆளை ஏமாற்றிய வாக்கியம் வேறில்லை. வில்லங்கச் சான்றிதழ் என்பது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான ஆவணங்களின் பட்டியல் மட்டுமே. பதிவாகாத எதுவும் அதில் வராது. பதிவு செய்யாத உயில் வராது. வாய்மொழியாகப் பிரித்துக்கொண்ட பாகம் வராது. ஒரிஜினல் பத்திரத்தை ஒரு பைனான்ஸ்காரரிடம் வைத்துக் கைமாற்றாகப் பணம் வாங்கியிருந்தால் வராது. கோர்ட்டில் நடக்கும் வழக்கும் பெரும்பாலும் வராது.

வில்லங்கம் பார்ப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம், ஆனால் கொடுக்கும் சர்வே எண்ணைப் பொறுத்தே விடை வரும். இன்றைக்கு 124/2அ1 என்று இருக்கும் இடம் இருபது வருடத்துக்கு முன் வெறும் 124/2 ஆக இருந்திருக்கும், நகரத்துக்குள் வந்தபின் வார்டு, பிளாக், நகர சர்வே எண் என்று வேறு அடையாளம் எடுத்திருக்கும். பழைய எண், புதிய எண் இரண்டிலும் போட வேண்டும். சார்பதிவாளர் அலுவலகங்களின் எல்லை மாறியிருக்கும், உங்கள் ஊர் முன்பு எந்த அலுவலகத்தில் இருந்தது என்று கேட்டு அங்கேயும் பார்க்க வேண்டும். கணினியில் ஏறாத பழைய வருடங்களுக்கு நேரில் மனு கொடுத்துக் கையால் தேடிய வில்லங்கம் வாங்கலாம். குறைந்தது 30 வருடம் பாருங்கள், தாய்ப்பத்திரம் அதைவிடப் பழையது என்றால் அந்தத் தேதியிலிருந்தே போடுங்கள்.

வந்த பட்டியலில் பேங்க் அடமானம் இருந்தால், அதற்குப் பிறகு ரசீது ஆவணம் பதிவாகியிருக்கிறதா என்று தேடுங்கள். கடனை அடைத்துவிட்டேன் என்று பேங்க் கடிதம் காட்டுவார்கள். கடிதம் போதாது, அடமானம் எப்படிப் பதிவானதோ அப்படியே அது தீர்ந்ததும் பதிவாக வேண்டும். கிரைய ஒப்பந்தம் ஒன்று பதிவாகி, ரத்தாகாமல் நின்றிருந்தாலும் நிறுத்திக் கேளுங்கள்.

"ஒரிஜினல் தொலைந்துவிட்டது" என்று சொன்னால் என்ன செய்வது? போலீஸில் புகார் கொடுத்து, கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று வாங்கி, செய்தித்தாளில் அறிவிப்பு கொடுத்து, பதிவுத்துறையில் சான்றிட்ட நகல் எடுக்கும் வழி இருக்கிறது. அதை விற்பவர் செய்யட்டும். ஆனால் தொலைந்ததாகச் சொல்லப்படும் பத்திரங்களில் சில யாரோ ஒருவருடைய பீரோவில் அடமானமாக இருக்கின்றன என்பதை மறக்காதீர்கள்.

மூன்றாம் படி: பட்டா, நிலத்தின் வகை

பட்டா என்பது வருவாய்த்துறையின் பதிவு. யார் வரி கட்ட வேண்டும், யார் அனுபவத்தில் இருக்கிறார் என்பதற்கு நல்ல சாட்சி, ஆனால் பட்டா மட்டுமே உரிமை தந்துவிடாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. 1979இலிருந்து 1987 வரை நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யூ.டி.ஆர். பணியில் பெயர் மாறி, அளவு மாறி ஏறிய பட்டாக்கள் இன்றைக்கும் கோட்டாட்சியர் அலுவலகங்களில் மனுவாக நிற்கின்றன. பத்திரத்தில் 2400 சதுர அடி, பட்டாவில் 2180 சதுர அடி என்றால், நிலத்தில் சங்கிலி பிடித்து அளந்த பிறகே பேச்சு. சர்வேயருக்கு மனு கொடுத்து அளக்கச் சொல்லுங்கள், பக்கத்து வீட்டுக்காரர்களும் கூட நிற்கட்டும்.

நிலம் என்ன வகை என்பதற்கு, ஒவ்வொரு சர்வே எண்ணின் விவரமும் உள்ள கிராம வருவாய்ப் பதிவேடான அ-பதிவேடு பாருங்கள். ரயத்துவாரி (தனியார் பட்டா நிலம்), கிராம நத்தம் (குடியிருப்பு நிலம்), அரசு புறம்போக்கு, கோயில் நிலம், வக்பு நிலம் என்று அதில் தெரிந்துவிடும். அரசு இலவசமாக ஒப்படை செய்த நிலத்துக்கு விற்கக்கூடாத காலமும் நிபந்தனையும் உண்டு. 1892 முதல் பட்டியல் சமூகத்து மக்களுக்கு என்று ஒப்படைக்கப்பட்ட பஞ்சமி நிலத்தை வேறு சமூகத்தார் வாங்கினால் அது செல்லாது. அது அவர்களுடைய நிலம், விலை மலிவாகக் கிடைக்கிறது என்று அந்தப் பக்கம் போகவே கூடாது.

மனையாக இருந்தால் டிடிசிபி (நகர ஊரமைப்பு இயக்ககம்) அல்லது சென்னைப் பகுதியில் சிஎம்டிஏ (பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அனுமதி எண்ணைக் கேட்டு, அந்த வரைபடத்தில் உங்கள் மனை எண் இருக்கிறதா, பூங்காவுக்கு விட்ட இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது, அப்புறம் 2016 அக்டோபர் 20க்கு முன் விற்பனையாகிப் பதிவான மனைகளை வரன்முறைப்படுத்தும் திட்டம் 2017இல் வந்தது. பழைய மனை என்றால் வரன்முறை உத்தரவின் நகலை வாங்காமல் நகராதீர்கள்.

கட்டிய வீடு என்றால் அனுமதி வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடங்கள். தரைத்தளத்துக்கு அனுமதி வாங்கி, மேலே ஒரு மாடி சும்மா கட்டியிருப்பது எல்லா ஊரிலும் இருக்கிறது. பேங்க் அந்த மாடிக்குக் கடன் தராது, நாளைக்கு இடிக்கச் சொல்லி நோட்டீஸ் வந்தால் அது உங்கள் பெயருக்குத்தான் வரும்.

அடுக்குமாடி என்றால் தமிழ்நாடு ரெரா, அதாவது கட்டுமானத் திட்டங்களை ஒழுங்குபடுத்தும் ஆணையம். 500 சதுர மீட்டருக்கு மேல் அல்லது எட்டு வீடுகளுக்கு மேல் உள்ள புதிய திட்டங்கள் அதில் பதிவாகியிருக்க வேண்டும், பதிவு எண்ணை அவர்களுடைய இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். ஒப்பந்தம் பதிவு செய்வதற்கு முன் பில்டர் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது. ஒப்படைத்த ஐந்து வருடத்துக்குள் கட்டமைப்பில் குறை வந்தால் அவர் செலவிலேயே சரிசெய்து தர வேண்டும். நிலத்தில் உங்களுக்கு வரும் பிரிபடாத பாகம் எத்தனை சதுர அடி என்பது பத்திரத்தில் எண்ணாக இருக்க வேண்டும், நாளை அந்தக் கட்டடத்தை இடித்துக் கட்டினால் உங்கள் பங்கு அதை வைத்துத்தான்.

நான்காம் படி: யார் விற்கிறார், எந்த அதிகாரத்தில்

உரிமையாளருக்குப் பதிலாக, அவர் எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தை (பவர்) வைத்து பவர் ஏஜென்ட் விற்கிறார் என்றால் மெதுவாகப் போங்கள். பவர் பத்திரம் வைத்திருப்பது சொத்து வைத்திருப்பது ஆகாது, பவரையும் ஒப்பந்தத்தையும் காட்டி வீடு கைமாறிவிட்டதாகச் சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2011இலேயே சொல்லிவிட்டது. பவர் கொடுத்தவர் இறந்தால் சாதாரணமாக பவரும் அன்றோடு முடிந்தது. அதனால் அவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்று பதிவின்போது கேட்பார்கள். காகிதச் சான்றோடு விடாதீர்கள், அவரை நேரில் பார்த்துப் பேசுங்கள், வெளிநாட்டில் இருந்தால் வீடியோ அழைப்பிலாவது பேசுங்கள். பவர் ரத்தாகவில்லை என்பதையும் பதிவு நாள் காலையில் ஒருமுறை பாருங்கள்.

விற்பவருக்கு அம்மா அப்பா தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்த வீடு என்றால், அந்தப் பெற்றோர் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பிள்ளை பார்த்துக்கொள்ளவில்லை என்றால் 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டப்படி ரத்து செய்யக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. எனக்கு இதில் சட்டம் மட்டும் காரணமில்லை, ஒரு முதியவரைத் தெருவில் விட்டுவிட்டு விற்கிற வீட்டை வாங்கிக் குடியேற எப்படி மனசு வரும்?

வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்று கதவைத் தட்டிக் கேளுங்கள். வாடகைதாரர் இருந்தால், பதிவுக்கு முன்பே காலி செய்து வெற்று வீடாகத் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பக்கத்து வீட்டிலும், தெருமுனைக் கடையிலும் ஒரு வார்த்தை பேசுங்கள். அண்ணன் தம்பி வழக்கு இருக்கிறது என்பதை எந்த இணையதளத்தையும்விட முன்னால் பெட்டிக்கடைக்காரர் சொல்வார். கூடவே நீதிமன்ற இணையதளத்தில் விற்பவர் பெயரில் வழக்கு நிற்கிறதா என்று தேடுங்கள். வழக்கு நடக்கும்போது வாங்கினால், வருகிற தீர்ப்பு வீட்டை வாங்கியவரையும் கட்டுப்படுத்தும்.

வக்கீல் செலவை மிச்சம் பிடிக்காதீர்கள். பேங்க் லோன் வாங்குகிறோம், பேங்க் லீகல் பார்த்துவிடும் என்று விடுகிறவர்கள் நிறையப் பேர். அந்த வக்கீல் பார்ப்பது பேங்க் கொடுக்கும் பணத்துக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று. உங்கள் பணத்துக்கு நீங்கள் தனியாக ஒருவரை வையுங்கள், தரகர் காட்டுகிறவராக இல்லாமல் நீங்களே விசாரித்துப் பிடித்தவராக.

ஐந்தாம் படி: கிரைய ஒப்பந்தம்

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரைய ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும். பதிவு செய்யாத ஒப்பந்தத்தை வைத்தும், எழுதியபடி கிரயம் செய்து தரச் சொல்லி வழக்குப் போட்டு அதைச் சாட்சியாகக் காட்டலாம் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனாலும் பதிவு செய்தால் அது வில்லங்கத்தில் ஏறும், அதே வீட்டை இன்னொருவருக்குப் பேசுவது கடினமாகும். வழக்குப் போட வேண்டி வந்தால் ஒப்பந்தத்தில் சொன்ன கெடு தேதியிலிருந்து, தேதி இல்லையென்றால் தரமாட்டேன் என்று தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடம்தான்.

அதில் என்ன இருக்க வேண்டும்? எல்லா உரிமையாளர்களின் கையெழுத்தும், மொத்த விலை, இன்று கொடுத்தது எவ்வளவு எந்த வழியில், எத்தனை மாதத்துக்குள் கிரயம், இருக்கிற கடனை யார் எப்போது அடைப்பது, காலி செய்து தருவது, உரிமையில் குறை தெரிந்தால் அட்வான்ஸ் முழுதும் எத்தனை நாளில் திரும்பும், வாங்குபவர் பின்வாங்கினால் எவ்வளவு பிடித்துக்கொள்ளலாம். கடைசி இரண்டையும் கூச்சத்தால் எழுதாமல் விடுகிறார்கள், தகராறு வருவது அங்கேதான்.

அட்வான்ஸை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வீடு நிலம் விற்கும் பேச்சில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற்றால், பணம் பெற்றவருக்கு அதே அளவு அபராதம் போட வருமான வரிச் சட்டத்தில் இடமிருக்கிறது. கொடுத்தவருக்குச் சாட்சியும் கிடையாது. பேங்க் வழியாக, அவரவர் பங்கை அவரவர் கணக்கிலேயே போடுங்கள், "அண்ணன் கணக்கில் மொத்தமா போட்டுடுங்க, நாங்க பிரிச்சுக்குறோம்" என்பதற்குச் சம்மதிக்காதீர்கள்.

எங்கள் கதையில், பாட்டியின் மகள்களான அந்த இரண்டு அத்தைமார்களையும் தேடிப் போனது வீட்டுக்கார அம்மாதான். ஒருவர் வத்தலக்குண்டில், இன்னொருவர் கோயம்புத்தூரில். முதலில் கோபம், பதினைந்து வருடமாக ஒரு நல்லது கெட்டதுக்குக் கூப்பிடவில்லை என்று. இரண்டு மாதம் ஆயிற்று. கடைசியில் பாட்டிக்குத் தனியாக இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் எடுத்து, விற்பவர்கள் மூவர் என்றிருந்தது ஐவர் ஆனது. அத்தைமார் பங்குப் பணம் அவரவர் கணக்கில் நேராகப் போனது. விற்ற அம்மாவுக்குக் கை நட்டம் என்று நினைக்கலாம், உண்மையில் அது அவருடைய பணமாக என்றுமே இருந்ததில்லை.

ஆறாம் படி: பதிவு நாள்

கிரையப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 40 லட்சம் மதிப்பு என்றால் 3,60,000 ரூபாய். 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும். புதிதாகக் கட்டிய அடுக்குமாடி வீட்டுக்கு முதல் விற்பனையில் தனிச் சலுகை உண்டு, பதிவுக்கு முன் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் அரசு நிர்ணயித்திருக்கும் வழிகாட்டி மதிப்புக்குக் கீழே விலை காட்டினால் ஆவணம் நிலுவையில் நின்று முத்திரைத் துணை ஆட்சியரிடம் போகும். கட்டடத்தை மறைத்து வெறும் மனை என்று எழுதுவது இன்னும் மோசம். களப்பணிக்கு ஆள் வந்தால் கூடுதல் தீர்வை, வராவிட்டாலும் உங்கள் பத்திரத்தில் உங்கள் வீடே இல்லை.

விலை அல்லது வழிகாட்டி மதிப்பு 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால், வாங்குபவர் 1 சதவீதத்தைப் பிடித்து விற்பவரின் பான் எண்ணில் வருமான வரித்துறைக்குக் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் இந்த 1 சதவீதக் கணக்கு பொருந்தாது, பிடிக்க வேண்டியது பல மடங்கு அதிகம். அப்போது ஆடிட்டரைப் பார்த்துவிட்டுத்தான் பணம் அனுப்ப வேண்டும்.

முந்தைய நாளே வரைவுப் பத்திரத்தை வாங்கி, பழைய பத்திரத்தைப் பக்கத்தில் வைத்து ஒருவர் வாசிக்க ஒருவர் சரிபாருங்கள். இனிஷியல், தந்தை பெயர், சர்வே எண், நான்கு எல்லை, ஒவ்வொரு பக்கத்து அளவு. கிழக்கு மேற்கு மாறிப் பதிவானால் பிழைதிருத்தல் பத்திரம் போட அதே விற்பவர்கள் எல்லோரும் மறுபடி வர வேண்டும், ஐந்து பேரில் ஒருவர் ஊரில் இல்லையென்றால் வருடக்கணக்கில் இழுக்கும். பிற்காலத்தில் வில்லங்கம் ஏற்பட்டால் விற்பவர் சொந்தச் செலவில் தீர்த்துத் தரக் கடமைப்பட்டவர் என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒன்றை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். பதிவு ஆகிவிட்டது என்பதால் உரிமை உறுதியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. விற்பவருக்கு உரிமை உண்டா என்று தீர்மானிப்பது சார்பதிவாளர் வேலையில்லை என்று 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இல்லாத உரிமையை யாரும் விற்க முடியாது, பதிவு செய்தாலும் அது வாங்குபவருக்கு வந்து சேராது. பார்க்க வேண்டியதைப் பார்க்கிற பொறுப்பு முழுக்க நம்முடையது.

விற்பவர்களுக்கு

உங்களுக்குத் தெரிந்த குறையை மறைக்காதீர்கள். வழக்கோ கடனோ பங்காளிப் பிரச்சினையோ, முதல் நாளே சொன்னால் விலையில் கொஞ்சம் குறையும், மறைத்தால் பத்திரம் முடிந்த பிறகும் உங்களைத் தேடி நோட்டீஸ் வரும். சொத்தின் உரிமையில் உள்ள குறையைச் சொல்ல வேண்டியது சட்டப்படியே விற்பவர் கடமை. விற்கலாம் என்று நினைத்த அன்றே, தரகரைக் கூப்பிடும் முன்பே, வாரிசுச் சான்றிதழையும் பட்டாவையும் சரிசெய்து வையுங்கள், அவசரத்தில் செய்தால் அத்தனையும் விலையில்தான் கழியும்.

வீட்டுக்கடனை முடித்துவிட்டால் 30 நாளுக்குள் பேங்க் ஒரிஜினல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், அவர்கள் பக்கம் தாமதம் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் ரிசர்வ் வங்கி விதி. கேட்டு வாங்குங்கள்.

ஒப்பந்தம் பதிவாகி, வாங்குபவர் பணம் புரட்ட முடியாமல் போய்விட்டால், அட்வான்ஸ் கணக்கைத் தீர்த்து ரத்து ஆவணம் பதிவு செய்யாமல் அவரை அனுப்பாதீர்கள். அந்த ஒப்பந்தம் வில்லங்கத்தில் நிற்கும்வரை அடுத்த ஆள் வரமாட்டார். முழுப் பணமும் கணக்கில் ஏறியதைப் பார்க்காமல் பதிவு மேசையில் கைரேகை வைக்காதீர்கள், நாளைய தேதி போட்ட காசோலையை நம்பவே வேண்டாம்.

லாபத்துக்கு வரி உண்டு. இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் நீண்டகால மூலதன ஆதாயம், 12.5 சதவீதம். 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய வீடு என்றால், இந்தியாவில் வசிப்பவர்கள் பணவீக்கச் சரிக்கட்டலோடு 20 சதவீதம் என்ற பழைய கணக்கையும் போட்டுப் பார்த்து எது குறைவோ அதைக் கட்டலாம். ஆதாயத்தை இன்னொரு வீட்டில் போட்டால் விலக்கு உண்டு: விற்பதற்கு ஒரு வருடம் முன்போ இரண்டு வருடத்துக்குள்ளோ வாங்கியிருக்க வேண்டும், கட்டுவதானால் மூன்று வருடம்.

பதிவுக்குப் பிறகு

சாவியை வாங்கியதோடு வேலை முடிவதில்லை. பத்திரம் கைக்கு வந்ததும் பட்டா மாறுதல், சொத்து வரி, குடிநீர், மின் இணைப்பு எல்லாவற்றிலும் பெயர் மாற்றுங்கள். இடத்தில் ஒரு பகுதியை மட்டும் வாங்கியிருந்தால் உட்பிரிவு செய்து தனிப் பட்டா கேட்க வேண்டும், அதற்குச் சர்வேயர் வந்து அளப்பார், நேரம் பிடிக்கும். ஒரு மாதம் கழித்து மறுபடி வில்லங்கம் போட்டு, கடைசி வரியில் உங்கள் பெயரும் சர்வே எண்ணும் சரியாக ஏறியிருக்கிறதா பாருங்கள். அப்புறம் எல்லா ஆவணத்தையும் ஸ்கேன் எடுத்து, வீட்டில் இன்னொருவருக்கும் அது எங்கே இருக்கிறது என்று சொல்லி வையுங்கள்.

அக்கா எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு வைத்திருக்கிறாள். 1992 பத்திரத்துக்கும் அவளுடைய பத்திரத்துக்கும் நடுவில், ஹாலில் படமாக இருந்த அந்தப் பாட்டியின் இறப்புச் சான்றிதழும், அவருடைய பிள்ளைகள் எல்லோர் பெயரும் உள்ள வாரிசுச் சான்றிதழும் இருக்கின்றன. நாளைக்கு அவள் விற்கப் போனால் முதலில் எடுத்துக் காட்ட வேண்டிய காகிதங்கள் அந்த இரண்டும்தான்.